200 கிலோ தரைக்கு இறங்கும் வழி

தானியம் போட்டு வைக்கும் அடுக்குப்பானையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மீன்தொட்டி ஸ்டாண்டின் கணக்கு பாதி தெரியும். அடியில் பெரிய பானை, அதன் வாயில் சற்றுச் சிறியது, அதற்கு மேல் இன்னொன்று. வரகும் துவரையும் மல்லியும் நிறைந்த அந்த அடுக்கை எந்த ஆணியும் பிடித்து நிறுத்தவில்லை. மேல்பானையின் பாரம் கீழ்ப்பானையின் விளிம்பில் இறங்கி, அதன் சுவர் வழியாக அடுத்ததற்குப் போய், கடைசியில் பிரிமணை வழியாகத் தரையைச் சேர்கிறது. நடுவில் எங்கும் இடைவெளி கிடையாது.

இப்போது தொட்டிக்கு வருவோம். மூன்றடி நீளத் தொட்டி நம் வீடுகளில் சாதாரணம். நீளம் 90 செ.மீ., அகலம் 40, உயரம் 45 என்று வையுங்கள். மேலே 5 செ.மீ. விட்டு நிரப்பினாலும் 144 லிட்டர் தண்ணீர், அதாவது 144 கிலோ. 8 மி.மீ. கண்ணாடி சுமார் 30 கிலோ. அடியில் பரப்பும் கூழாங்கல் ஒரு 20 கிலோ. மொத்தம் ஏறக்குறைய 200 கிலோ. பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளம் போடுகிறவரிடம் சொன்னால் இரண்டு குவிண்டால் என்பார். அது இரவும் பகலும் வருடக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கப்போகிறது.

இந்தப் பாரத்தைக் கேட்டதும் பலர் மரத்தைத் தடிமனாக்கத்தான் நினைக்கிறார்கள். நான்கு கால்கள் என்றால் ஒரு காலுக்கு 50 கிலோதான் வருகிறது. மூன்றுக்கு இரண்டு அங்குல வேப்பங்கால் ஒன்று, நேராக நிற்கும்வரை, அதைப்போலப் பல மடங்கு தாங்கும். ஆகவே கவனம் மரத்தின் பருமனில் அல்ல, பாரம் இறங்கும் வழியில் இருக்க வேண்டும். கால்களை நிறுத்திவிட்டு, மேல்சட்டத்தை அவற்றின் பக்கவாட்டில் வைத்துத் திருகாணி அடிப்பது எங்கும் நடக்கிற தவறு. அப்படிச் செய்தால் 200 கிலோவும் எட்டு பத்து திருகாணிகளில் தொங்குகிறது. பானையைப் பானைமேல் வைக்காமல் சுவரில் ஆணியடித்து மாட்டிய கதைதான். முதல் மாதம் ஒன்றும் தெரியாது. ஆணி மெல்ல மரத்தைத் தின்று துளையைப் பெரிதாக்கும், ஒரு மூலை இறங்கும், தொட்டியின் சிலிக்கான் ஒட்டு முதலில் விடும்.

சரியான முறை எளிது. மேல்சட்டம் காலின் தலையில் உட்கார வேண்டும். கால், கீழ்ச்சட்டத்தின் மேல் நிற்க வேண்டும். மரம் மரத்தின் மேல். மேல்சட்டத்தையும் காலையும் சேர்த்து உள்பக்கம் ஒரு பட்டி வைத்துப் பசையும் திருகாணியும் போடலாம். அவை விலகாமல் பிடித்துக்கொள்ளும், சுமக்காது. ஆசாரியிடம் வேலை கொடுக்கிறவர்கள், “எல்லாத் திருகாணியையும் கழற்றினாலும் பாரம் நேராக இறங்குமா?” என்று ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள். இறங்கும் என்றால் ஸ்டாண்டு சரி. நான்கடித் தொட்டி என்றால் நடுவில் இன்னும் இரண்டு கால்கள் சேர்த்துக்கொள்வது நல்லது.

மேல்சட்டத்தைப் படுக்க வைக்காமல் குத்துக்கு நிறுத்துவதும் முக்கியம். அதே மூன்றுக்கு இரண்டு சட்டம், இரண்டு அங்குல உயரமாகப் படுத்திருப்பதைவிட மூன்று அங்குல உயரமாக நின்றால் 2.25 மடங்கு விறைப்பாக இருக்கும். ஒரு காசு கூடச் செலவில்லை. கண்ணாடிக்கு வளைவு ஆகாது, அதனால் இந்த விறைப்பு தேவை.

அடுக்குப்பானைக்கு ஒரு பலவீனம் உண்டு. மேலிருந்து எவ்வளவு ஏற்றினாலும் நிற்கும், பக்கவாட்டில் குழந்தை தள்ளினாலும் சரியும். வெறும் கால்களும் சட்டங்களும் உள்ள ஸ்டாண்டும் அப்படித்தான். என் கணிப்பில் வீட்டு ஸ்டாண்டுகள் பாரத்தால் உடைவது அபூர்வம், ஆட்டத்தால் விழுவதே அதிகம். செவ்வகச் சட்டகம் சாய்ந்து இணைகரமாக மாறப் பார்க்கும், அதைத் தடுக்க வேண்டும். பின்பக்கமும் இரு பக்கங்களும் 12 மி.மீ. ஒட்டுப்பலகை அடித்துவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். முன்பக்கம் கதவுக்குத் திறந்திருக்கலாம். பலகையில் ஐஎஸ் 710 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் தண்ணீருக்குத் தாங்கும் மரைன் வகை. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை விலை குறைவு என்று வாங்க வேண்டாம். நனைந்தால் ரொட்டிபோல் ஊதிவிடும்.

தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவே பிரிமணையின் வேலையைச் செய்வது தெர்மாகோல். சிறு மேடுபள்ளங்களை அது வாங்கிக்கொண்டு பாரத்தை அடிக்கண்ணாடி முழுவதும் பரப்பும். சட்டத்தின் மேல் ஒரு முழுப்பலகை, அதன்மேல் 10 மி.மீ. தெர்மாகோல், பிறகு தொட்டி. அடியில் பிளாஸ்டிக் சட்டம் வைத்து வரும் தொட்டிகளுக்கு மட்டும் இது வேண்டாம். அவற்றின் பாரம் விளிம்பில்தான் இறங்குகிறது.

மரத்துக்கு, பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து நாம் வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. பச்சைமலை அடிவாரத்து அரும்பாவூரின் மரச்சிற்பங்களுக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே வாகையையும் வேம்பையும் மாவையும் இழை பார்த்துச் செதுக்குகிற கைகள் இருக்கின்றன. ஸ்டாண்டுக்கு வேம்பு எனக்குப் பிடித்தது, பூச்சி எளிதில் அண்டாது. வைரம் பாய்ந்த பகுதியையே கேளுங்கள். அறுத்த கையோடு ஈரமாக வாங்கினால் நிழலில் நன்றாகக் காயவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். மரம் நீளவாக்கில் அவ்வளவாகச் சுருங்காது, அகலவாக்கில் சுருங்கும். ஒரு சட்டம் காய்ந்து இன்னொன்று ஈரமாக இருந்தால் மேல்தளம் கோணிவிடும். காலின் அறுத்த முனைதான் தண்ணீரை உறிஞ்சும் வாய், அங்கே வார்னிஷை இரண்டு முறை கூடுதலாகப் பூசுங்கள்.

அரியலூரின் சுண்ணாம்புக்கல் பூமியில் போர்த் தண்ணீர் பெரும்பாலும் கடினமானது. அது ஸ்டாண்டில் சொட்டிக் காய்ந்தால் வெள்ளைக் கோடு விழும். அதைத் துடைத்துப்போடுவதற்கு முன் எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள், கசிவை அதுவே காட்டிக்கொடுக்கிறது. தொட்டிக்குள் அழகுக்காகக் காரை கிராமத்து ஓடைகளிலிருந்தோ, 18 மீட்டர் கல்மரம் கிடக்கும் சாத்தனூரிலிருந்தோ கல் எடுத்து வருவது வேண்டாம். அவை கோடிக்கணக்கான ஆண்டுப் புதைபடிவங்கள் உள்ள இடங்கள். அதோடு சுண்ணாம்புக்கல் தண்ணீரின் கடினத்தை இன்னும் ஏற்றும்.

இனி ரசமட்டம். காலி ஸ்டாண்டை இடத்தில் வைத்து நீளத்துக்கும் அகலத்துக்கும் பாருங்கள். சாய்வு இருந்தால் கீழ்ச்சட்டத்துக்கு அடியில் கடப்பாக்கல் சில்லோ மர ஆப்போ கொடுங்கள். தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் ஒருபோதும் ஆப்பு வைக்கக் கூடாது, முழுப் பாரமும் அந்த ஒரு புள்ளியில் நின்று கண்ணாடி விரிசல் விடும். பிறகு மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி ஒரு நாள் விட்டு மட்டம் பாருங்கள். அடுத்த பங்கையும் அப்படியே. நம் ஊரில் பல வீடுகள் கரிசல் மண்ணில் நிற்கின்றன. கரிசல் மழையில் ஊதி வெயிலில் வெடிக்கும், தரையும் கூடவே ஏறி இறங்கும். எனவே ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் ஒருமுறை, சித்திரை வெயிலில் ஒருமுறை தண்ணீர் விளிம்பைப் பாருங்கள். ஒரு பக்கம் உயர்ந்திருந்தால் மீன்களை வாளிக்கு மாற்றி, தொட்டித் தண்ணீரை முழுவதும் இறக்கிவிட்டுத்தான் ஆப்பைத் திருத்த வேண்டும்.