வெள்ளி அடைத்த பல்லைப் பிடுங்கணுமா? 'ஹோலிஸ்டிக்' பல் சிகிச்சையில் எது உண்மை, எது வீண் பயம்?

'ரூட் கேனால் செய்த பல் உடம்புக்குள் விஷத்தைக் கசியவிடும்', 'சொத்தைக்கு அடைத்த வெள்ளியில் பாதரசம் இருக்கிறது, உடனே எடுத்துவிடுங்கள்', 'தினமும் எண்ணெய் கொப்பளித்தால் டென்டிஸ்ட்டே தேவையில்லை'... குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் இவற்றில் ஒன்றாவது உங்களுக்கும் வந்திருக்கும்.

பல்லை மட்டும் தனியாகப் பார்க்காமல், முழு உடம்போடும் சேர்த்துப் பார்ப்பதுதான் 'ஹோலிஸ்டிக் டென்டிஸ்ட்ரி' என்கிறார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. வாய்க்கும் உடம்புக்கும் தொடர்பு இருப்பதும் உண்மை. ஆனால், அந்தப் பெயரில் வரும் எல்லா ஆலோசனையும் ஒரே தரம் கிடையாது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வெள்ளி அடைப்பை எடுக்க வேண்டுமா?

நம் வீட்டுப் பெரியவர்கள் பலரின் கடைவாய்ப் பல்லில் இருக்கும் சாம்பல் நிற அடைப்பின் பெயர் அமால்கம். அதன் எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம். மீதி வெள்ளி, தகரம், செம்பு. பாதரசப் பயன்பாட்டைக் குறைக்க 2013-ல் உருவான மினமாட்டா உடன்படிக்கை, பல் அடைப்பையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல், தவிர்க்க முடியாத மருத்துவக் காரணங்கள் தவிர, புதிதாக அமால்கம் அடைப்பதை நிறுத்திவிட்டது.

'அப்போ பழைய அடைப்பையும் எடுத்துவிடலாமே' என்று தோன்றும். அங்கேதான் கவனம் தேவை. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ 2020-ல் வெளியிட்ட அறிவுரைப்படி, கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறு குழந்தைகள், சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் போன்றோர் புதிதாக அமால்கம் வைப்பதைத் தவிர்ப்பது நல்லது. உடையாமல் நன்றாக இருக்கும் பழைய அடைப்பைத் தேவையில்லாமல் எடுக்க வேண்டாம் என்றும் அதே அறிவுரை சொல்கிறது. தோண்டி எடுக்கும்போதுதான் பாதரச ஆவி கூடுதலாக வெளியேறும்; கூடவே நல்ல பல்லும் கொஞ்சம் போய்விடும்.

ரூட் கேனால் பயம் எங்கிருந்து வந்தது?

சுமார் 100 வருடங்களுக்கு முன், வெஸ்டன் பிரைஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், நோயாளிகளிடம் பிடுங்கிய பற்களை முயல்களின் தோலுக்கு அடியில் வைத்துப் பார்த்தார். முயல்கள் நோயுற்றன. வேர் சிகிச்சை செய்த பல்லே பல நோய்களுக்குக் காரணம் என்று முடிவு கட்டினார். அந்த எண்ணம் பரவிய காலத்தில், காப்பாற்றியிருக்கக்கூடிய எத்தனையோ பற்கள் பிடுங்கப்பட்டன. பின்னாளில் முறையாக நடத்திய ஆய்வுகளில் அவர் முடிவு நிற்கவில்லை.

உண்மையில் ரூட் கேனாலில், கிருமி தொற்றிய பல்லின் உள்பகுதியைச் சுத்தம் செய்து, அடைத்து மூடுகிறார்கள். இதற்குப் பயந்து சீழ் பிடித்த பல்லை அப்படியே விட்டால், தொற்று தாடைக்கும் கழுத்துக்கும் பரவலாம். ஆபத்து அதில்தான் அதிகம்.

எண்ணெய், வேப்பங்குச்சி, கரி

நல்லெண்ணெய் கொப்பளிப்பதால் பல்லில் படியும் கிருமிப் படலம் ஓரளவு குறையலாம் எனச் சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. பிடித்திருந்தால் செய்யலாம், விழுங்காமல் துப்பிவிட வேண்டும். ஆனால், சொத்தையை அது அடைக்காது. கெட்டிப்பட்ட காரையையும் கரைக்காது. வேப்பங்குச்சியை மென்மையாகப் பயன்படுத்தினால் தவறில்லை. அழுத்தித் தேய்த்தால் ஈறு கிழியும். கரித்தூள், உப்பு, செங்கல் பொடி ஆகியவற்றால் அழுத்தித் தேய்த்தால் எனாமல் தேயும். போன எனாமல் திரும்ப வளராது.

நாம் கவனிக்காமல் விடுவது எது?

பிரஷ் செய்யும்போது ஈறில் ரத்தம் வருவதை 'சூடு' என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். வாய்க்கும் உடம்புக்குமான தொடர்பு பலமாக நிரூபிக்கப்பட்டிருப்பது இங்கேதான். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லை என்றால் ஈறு நோய் முற்றும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கஷ்டம். 2022-ல் வெளியான கோக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, ஈறு நோய்க்குச் சிகிச்சை பெற்ற சர்க்கரை நோயாளிகளுக்கு, மூன்று நான்கு மாதங்களில் ஹெச்பிஏ1சி அளவு சராசரியாக 0.4 அளவுக்குக் குறைந்ததாகச் சொல்கிறது. மாத்திரைக்கு இது மாற்று அல்ல. ஆனால், காரை எடுக்கும் சிகிச்சைக்கு இது பெரிய பலன்.

ஈறு நோய் உள்ளவர்களிடம் இதய நோயும் அதிகம் காணப்படுகிறது. ஆனால், ஒன்றுதான் மற்றொன்றுக்குக் காரணம் என்று இன்னும் உறுதியாகவில்லை. 'பல்லைச் சுத்தம் செய்தால் ஹார்ட் அட்டாக் வராது' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

டென்டிஸ்ட்டிடம் மறைக்காமல் சொல்லுங்கள்

* சர்க்கரை, ரத்த அழுத்தம் இருக்கிறதா. கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை அளவு என்ன
* ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா (நீங்களாக நிறுத்திவிட்டுப் போகக் கூடாது)
* செயற்கை இதய வால்வு இருக்கிறதா (சில சிகிச்சைகளுக்கு முன் ஆன்டிபயாட்டிக் தேவைப்படும்)
* எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரை அல்லது ஊசி எடுக்கிறீர்களா (பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறத் தாமதமாகலாம்)
* கர்ப்பமாக இருக்கிறீர்களா (அவசியமான பல் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை)

இத்தனையையும் கேட்டுவிட்டு உங்கள் வாயைத் திறக்கச் சொல்லும் டாக்டர்தான், போர்டில் என்ன எழுதியிருந்தாலும், உண்மையான ஹோலிஸ்டிக் டாக்டர். 'எல்லா அடைப்பையும் எடுத்துவிடலாம், எல்லா ரூட் கேனால் பல்லையும் பிடுங்கிவிடலாம்' என்று முதல் நாளே யாராவது சொன்னால், பணம் கட்டும் முன் இன்னொரு டாக்டரிடமும் காட்டுங்கள். செலவுக்கு யோசிப்பவர்களுக்கு அரசுப் பல் மருத்துவக் கல்லூரியும், அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவும் இருக்கின்றன.

இன்றிரவு பிரஷ் செய்துவிட்டுத் துப்பும்போது ஒரு நிமிடம் வாஷ்பேசினைப் பாருங்கள். ரத்தம் தெரிந்தால், இந்த வாரமே அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிடுங்கள்.