பின்சக்கரத்தில் சத்தமா? அலட்சியம் வேண்டாம்!

கடந்த மழைக்காலத்தில் ஒரு நாள் காலை. அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பீடோங்கிலிருந்து சுங்கைப்பட்டாணி மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

"என்னப்பா, மாவு மெஷின் மாதிரி சத்தம் வருது?" என்று கேட்டார் அம்மா.

"செயின்தாம்மா. எண்ணெய் போட்டா சரியாயிடும்."

இரண்டு வாரமாகவே அந்தச் சத்தம் என் காதிலும் விழுந்துகொண்டுதான் இருந்தது. அன்று மாலை செயினுக்கு எண்ணெய் போட்டேன். தொய்வாக இருக்கிறது என்று நினைத்து நன்றாக இறுக்கியும் வைத்தேன். சத்தம் குறையவில்லை. அடுத்த வாரம் இன்னும் கூடியது.

கெடாவில் மோட்டார் இல்லாத வீடு அரிது. 1995-இல் தொடங்கப்பட்ட தேசிய மோட்டார் சைக்கிள் நிறுவனமான மொடெனாஸின் தொழிற்சாலையே நம் குருனில்தான் இருக்கிறது. தோட்டத்தில் பால் தோம்பு சுமப்பதும், கூலிம் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போவதும், பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும் கப்சாய் மோட்டாரில்தான். ஓட்டுவது நமக்குக் கைவந்த கலை. ஆனால் சத்தம் வந்தால் என்ன செய்கிறோம்? செயினைக் குறை சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டே இருக்கிறோம்.

எப்போது வருகிறது?

ஒருவழியாகப் பட்டறைக்குப் போனேன். "அண்ணே, பின்னால சத்தம் வருது" என்றேன். மெக்கானிக் ஸ்பேனரைத் தொடவே இல்லை.

"சத்தம் வருதுன்னு மட்டும் சொல்லாதீங்க தம்பி. எப்ப வருதுன்னு சொல்லுங்க" என்றார்.

அவர் கேட்ட கேள்விகளை நீங்களும் கேட்டுப் பார்க்கலாம்.

இன்ஜினை நிறுத்திவிட்டு மோட்டாரைத் தள்ளிக்கொண்டு போனாலும் சத்தம் வருகிறதா? வந்தால் கோளாறு இன்ஜினில் இல்லை. சக்கரம், பிரேக், செயின் ஆகியவற்றில் ஏதோ ஒன்றில் இருக்கிறது.

விடாமல் "கொற கொற" என்று கேட்டு, வேகம் கூடக் கூட அதுவும் கூடுகிறதா? முதல் சந்தேகம் சக்கரத்தின் பேரிங் மீது.

சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது ஒரு முறை "டக்" என்கிறதா? டயரில் கல் சிக்கியிருக்கலாம், கம்பி உடைந்திருக்கலாம், பிரேக் டிரம் தேய்ந்து வட்டம் கெட்டிருக்கலாம். அதைவிட மெதுவாக, விட்டுவிட்டு வந்தால் செயினைப் பாருங்கள். கப்சாயில் செயின் ஒரு முறை முழுதாகச் சுற்றி வருவதற்குள் சக்கரம் ஏறக்குறைய மூன்று சுற்று சுற்றிவிடும். செயினில் ஒரு கண்ணி இறுகியிருந்தால் இப்படித்தான் கேட்கும்.

எண்ணெய் முறுக்கும்போதும் விடும்போதும் மட்டும் "டொக்" என்கிறதா? செயின் தொய்ந்திருக்கலாம். பல்சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே அதிர்ச்சியைத் தாங்கும் ரப்பர் துண்டுகள் தேய்ந்திருக்கலாம்.

பிரேக் பிடிக்கும்போது சத்தம் மாறுகிறதா? பிரேக் கட்டையில் தூசி படிந்திருக்கும், அல்லது கட்டையே தேய்ந்திருக்கும்.

கைக்குத் தெரியும்

பிறகு மோட்டாரை நடு ஸ்டாண்டில் நிறுத்தினார். இன்ஜின் அணைந்திருக்க வேண்டும், இதில் விளையாடக்கூடாது. இன்ஜின் ஓடும்போது செயின் பக்கம் கை வைத்து விரலை இழந்தவர்கள் உண்டு.

சக்கரத்தின் மேலேயும் கீழேயும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டச் சொன்னார். "கட கட" என்று ஆடியது. நல்ல பேரிங் இருந்தால் அப்படி ஆடாது. சக்கரத்தைக் கழற்றி, பேரிங்கின் உள்வளையத்தில் என் விரலை விட்டுச் சுற்றச் சொன்னார். வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டியது, மணலை அரைப்பதுபோல் நெருநெருத்தது.

பல மோட்டார்களில் சக்கரத்தின் நடுவே இரண்டு பேரிங்கும், பல்சக்கரம் உட்காரும் பகுதியில் தனியாக இன்னொன்றும் இருக்கும். எனக்கு மிக மோசமாகப் போயிருந்தது அந்த மூன்றாவதுதான்.

"செயினை யாரு இவ்வளவு இறுக்கினது?" என்று கேட்டார். நான் தலையைச் சொறிந்தேன்.

செயினை அளவுக்கு மீறி இறுக்கினால் அந்த இழுப்பு முழுவதையும் பேரிங்தான் தாங்க வேண்டும். ஏற்கெனவே சேறும் தண்ணீரும் புகுந்து கெட்டுக்கொண்டிருந்ததை நானே சீக்கிரம் முடித்துவைத்திருக்கிறேன். கப்சாய்க்குப் பொதுவாக 2.5 முதல் 3.5 செ.மீ. வரை தொய்வு இருக்கலாம். உங்கள் மோட்டாரின் கையேட்டில் உள்ள அளவே சரியானது.

செயின் இல்லாத மோட்டார்

அதே பட்டறையில் ஒரு பெரிய மோட்டார் நின்றது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடையது. புக்கிட் காயு ஹீத்தாம் வழியாக நண்பர்களோடு தாய்லாந்து போய் வருபவர். அந்த மோட்டாரில் செயின் கிடையாது. 'ஷாஃப்ட்' எனப்படும் சுழல்தண்டுதான் சக்கரத்தைச் சுற்றுகிறது. பிஎம்டபிள்யூ தன் முதல் மோட்டாரான ஆர்32-ஐ 1923-இல் கொண்டுவந்தபோதே அதில் இருந்த ஏற்பாடு இது.

"செயின் இல்லை, கவனிக்க எதுவுமில்லை என்று இருந்துவிட்டேன்" என்றார் ஆசிரியர். அவருக்கும் பின்னால் உறுமல் சத்தம்.

தண்டின் முனையில் இருக்கும் பற்சக்கரப் பெட்டிக்குத் தனி எண்ணெய் உண்டு. அதைக் காலத்தில் மாற்ற வேண்டும். வடிக்கும்போது காந்தம் உள்ள மூடியைப் பார்க்க வேண்டும். சாம்பல் நிறத்தில் பசைபோல் கொஞ்சம் ஒட்டியிருப்பது வழக்கமான தேய்மானம். இரும்புச் செதில்கள் இருந்தால் உள்ளே பேரிங்கோ பல்லோ உடைந்துகொண்டிருக்கிறது. சக்கரத்தின் உட்பக்கம் எண்ணெய் கசிந்தாலும், மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆடினாலும் பயணத்தை ஒத்திப்போட வேண்டியதுதான். எண்ணெய் முறுக்கும்போது ஒருவிதமாகவும் விடும்போது வேறுவிதமாகவும் ஊளையிட்டால் பற்களைச் சந்தேகிக்கலாம். இரண்டிலும் மாறாமல் உறுமினால் பேரிங். தண்டின் மூட்டு தேய்ந்தால் சத்தத்தோடு அதிர்வும் வரும்.

ஆசிரியரின் மூடியில் செதில்கள் மின்னின. அந்த மாதம் அவர் தாய்லாந்து போகவில்லை.

பத்து நிமிடம்

இந்நாட்டில் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் மோட்டாரில் போகிறவர்கள். எல்லா விபத்துக்கும் மோட்டாரின் கோளாறு காரணமல்ல. ஆனால் ஓடும்போது பேரிங் உடைந்து பின்சக்கரம் இறுகினாலோ சாய்ந்தாலோ, ஓட்டுபவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் பயனில்லை.

மாதம் ஒரு முறை, மோட்டார் கழுவும் நாளில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். சக்கரத்தை ஆட்டுங்கள், சுற்றுங்கள், கேளுங்கள். அழுத்தமாகப் பீய்ச்சும் தண்ணீரைச் சக்கரத்தின் நடுவில் அடிக்காதீர்கள். பேரிங்கின் கிரீஸை அது கழுவிவிடும்.

மூன்று பேரிங்கும் கூலியும் சேர்த்து எனக்கு ஆன செலவு, குடும்பத்தோடு ஒரு வேளை கடையில் சாப்பிடும் செலவுகூட இல்லை. அதற்காகத்தான் மூன்று வாரம் அம்மாவின் உயிரையும் சேர்த்துப் பணயம் வைத்திருக்கிறேன்.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது பாதி வழியில் அம்மா கேட்டார்: "என்னப்பா, சத்தத்தையே காணோம்?"

"செயின் இல்லம்மா, பேரிங்" என்றேன்.