உரோமையின் கீழ் இல்லாத கத்தோலிக்கர்கள்

கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து உளுந்தூர்பேட்டை வரை, கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கத்தோலிக்கர் வாழும் ஊர்கள் பல இருக்கின்றன. விரியூர், எறையூர் என்றாலே மாதா கொடியேற்றமும் தேர்பவனியும் நினைவுக்கு வரும். இப்படி ஓர் ஊரில் ஒருவர் வந்து, "நாங்களும் கத்தோலிக்கர்தான், ஆனால் போப்பாண்டவருக்குக் கீழ் இல்லை" என்று சொன்னால் கேட்பவருக்குக் குழப்பமாகத்தான் இருக்கும். போப்பு இல்லாமல் கத்தோலிக்கம் எப்படி என்று கேட்பார்கள். இதற்குப் பதில் தேட ஐரோப்பா வரை போக வேண்டியதில்லை. நம் பக்கத்திலேயே, கொழும்பிலும் மன்னாரிலும், அப்படியொரு சபை 130 ஆண்டுகளுக்கு முன் இருந்தது.

முதலில் அடிப்படையான ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆயர் ஒருவரைத் திருநிலைப்படுத்துவது இன்னோர் ஆயரின் கைவைப்பு. அந்த ஆயருக்கு அவருக்கு முந்தியவர் கைவைத்திருப்பார். இந்த வரிசை திருத்தூதர்கள் வரை போகிறது என்பது கத்தோலிக்க நம்பிக்கை. இதைத் திருத்தூதர் வழிமரபு என்பார்கள். கேரளத்துச் சிரியன் ஆர்த்தடாக்ஸ் சபையினருக்கும் இந்த வழிமரபு உண்டு. ஆனால் அவர்கள் போப்பின் ஆட்சிக்குக் கீழ் இல்லை. வழிமரபு, ஏழு அருட்சாதனங்கள், திருப்பலி, மாதா வணக்கம், புனிதர் வணக்கம் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு உரோமையின் ஆட்சியை மட்டும் ஏற்காதவர்களைத்தான் சுயேச்சைக் கத்தோலிக்கர் என்கிறோம். நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரில் 1720களிலேயே இப்படி ஒரு பிரிவு தோன்றியது. 1870இல் வத்திக்கான் சங்கம் போப்பின் வழுவாமையைக் கோட்பாடாக அறிவித்தபோது ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் பலர் பிரிந்தார்கள். அங்கெல்லாம் சண்டை கோட்பாட்டைப் பற்றியது. நம் பக்கத்துப் பிரிவு வேறு காரணத்தால் வந்தது.

அந்தக் காரணம் நன்றிக்கடன் என்றே சொல்வேன். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த டச்சுக்காரர்கள் கத்தோலிக்கக் குருக்களை விரட்டிவிட்டார்கள். பல ஆண்டுகள் பூசை வைக்க ஆளில்லை. 1687இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் என்ற குரு மாறுவேடத்தில் வந்து இறங்கினார். யாழ்ப்பாணத்துச் சில்லாலை மக்கள் அவரை மறைத்துவைத்துக் காப்பாற்றினார்கள். அவருக்குப் பின் கோவாவின் ஒரத்தோரியன் சபைக் குருக்கள் தலைமுறை தலைமுறையாக வந்தார்கள். அவர்களில் யாக்கோமே கொன்சால்வெஸ் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதினார். தலைக்கு ஆபத்தான காலத்தில் கால்நடையாக வந்து ஞானஸ்நானம் கொடுத்தவர்கள், நம்மைப் போன்ற நிறமுள்ள கோவாக்காரர்கள். யோசேப் வாஸைப் பிரான்சிஸ் போப் 2015 ஜனவரி 14 அன்று கொழும்பில் புனிதராக உயர்த்தினார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையில் நிலைமை மாறியது. கீழைநாடுகளில் ஆயர்களைப் பரிந்துரைக்கும் உரிமை முன்பு போர்த்துக்கல் அரசருக்கு இருந்தது. அதற்குப் பதுரவாதோ என்று பெயர். போர்த்துக்கல் தளர்ந்ததும் உரோமை தன் மறைபரப்புப் பேராயம் வழியாக நேரடியாக ஆட்களை அனுப்பியது. கள்ளக்குறிச்சிப் பகுதி சார்ந்த புதுச்சேரி மிஷனை 1776 முதல் பிரெஞ்சுக் குருக்கள் நடத்தியது இந்த ஏற்பாட்டில்தான். இலங்கைக்கும் பிரெஞ்சு, இத்தாலியக் குருக்கள் வந்தார்கள். இரண்டு தரப்புக் குருக்கள், இரண்டு ஆட்சி, ஒரே ஊரில் இரண்டு கோயில் என்று பல இடங்களில் மோதல். கடைசியில் 1886 ஜூனில் போப் பதின்மூன்றாம் லியோ போர்த்துக்கல்லோடு ஓர் உடன்படிக்கை செய்தார். அதன்படி இலங்கையின் பதுரவாதோ கோயில்கள் கொழும்புப் பேராயர் பொன்ஜானின் ஆட்சிக்குப் போயின. அவர் பிரெஞ்சுக்காரர். அதே 1886 செப்டம்பர் 1 அன்று புதுச்சேரியும் உயர்மறைமாவட்டம் ஆனது. இங்கே அது மகிழ்ச்சியான செய்தி. கடலுக்கு அப்பால் பலருக்கு அந்த உடன்படிக்கை தாய்வீட்டைப் பறித்ததுபோல இருந்தது.

அவர்கள் மனு மேல் மனு அனுப்பினார்கள். கொழும்பில் லிஸ்போவா பின்ட்டோ என்ற கோவா மருத்துவர் இயக்கத்துக்குத் தலைமை தாங்கினார். மனுக்கள் பலிக்கவில்லை. அப்போது கோவாவில் பத்திரிகை நடத்தி, பேராயரோடும் போர்த்துக்கீசிய அரசோடும் மோதிக்கொண்டிருந்த அந்தோனியோ பிரான்சிஸ்கோ சேவியர் ஆல்வாரஸ் என்ற குரு இவர்களோடு சேர்ந்தார். குரு கிடைத்துவிட்டார், ஆயர் வேண்டும். உரோமை தராது. கோட்டயத்துக்குப் போனார்கள். 1889 ஜூலையில் மலங்கரைச் சபையின், அதாவது முன்பு சொன்ன கேரளத்துச் சிரியன் ஆர்த்தடாக்ஸ் சபையின், ஆயர்கள் ஆல்வாரஸுக்குக் கைவைத்து, மார் யூலியுஸ் என்று பெயரிட்டு, இலங்கை, கோவா, இந்தியாவின் பேராயராக்கினார்கள். கைவைத்தவர்களில் ஒருவர் பருமலை மார் கிரிகோரியோஸ். இன்று அந்தச் சபை புனிதராக வணங்குபவர்.

இவர்கள் சிரியன் வழிபாட்டுக்கு மாறவில்லை. அந்தியோக்கியாவின் சிரியன் மறைமுதுவரைத் தலைவராக ஏற்றார்கள். இலத்தீன் பூசையை அப்படியே வைத்துக்கொள்ள அவர் அனுமதித்தார். பாவசங்கீர்த்தனம் முதல் புனிதர் திருநாள் வரை கோயிலுக்குள் எதுவும் மாறவில்லை. எல்லாத் திருச்சபைக்கும் போப்பே தலைவர் என்பதை மட்டும் மறுத்தார்கள். மன்னாரின் பரப்பான்கண்டல், தமிழ்நாட்டில் திண்டுக்கல், கர்நாடகத்தில் பிரம்மாவர் ஆகிய இடங்களிலும் இந்தச் சபை வேர்விட்டது.

1892 மே 29 அன்று கொழும்பு நல்மரண மாதா கோயிலில், அமெரிக்காவிலிருந்து வந்த ஜோசப் ரெனே விலாத் என்ற பிரெஞ்சுக்காரரை ஆல்வாரஸ் ஆயராகத் திருநிலைப்படுத்தினார். விலாத் திரும்பிப்போய்ப் பலருக்குக் கைவைத்தார். அவர்கள் இன்னும் பலருக்கு. இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கும் எண்ணற்ற சிறு சுயேச்சைக் கத்தோலிக்கச் சபைகள் தங்கள் வழிமரபை அந்த ஒரு நாள் கொழும்புச் சடங்கிலிருந்து சொல்கின்றன. ஆனால் சிரியன் ஆர்த்தடாக்ஸ் தலைமையகமே 1938இல் விலாத் வழிவந்தவர்களைத் தாங்கள் ஏற்பதில்லை என்று அறிவித்துவிட்டது. விலாத்தோ 1925இல் உரோமையோடு ஒப்புரவாகி, 1929இல் இறந்தார்.

ஆல்வாரஸ் பின்னர் கோவாவிலேயே தங்கிக் காலரா நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் உழைத்து, 1923 செப்டம்பர் 23 அன்று இறந்தார். இலங்கையிலும் திண்டுக்கல்லிலும் சபை மெல்லக் கரைந்தது. தொடர்ந்து குருக்கள் கிடைக்காத சபை, மக்களுக்கு எவ்வளவு பற்று இருந்தாலும் நிற்காது. பிரம்மாவர் மட்டும் நின்றது. 2010 முதல் அது மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையின் ஒரு மறைமாவட்டம்.

எறையூரை இங்கே சொல்லாமல் போக முடியாது. 2008 மார்ச்சில் அங்கே தலித் கத்தோலிக்கர்கள் தங்கள் சகாய மாதா ஆலயத்தைத் தனிப் பங்காக அறிவிக்கக் கேட்டார்கள். கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இருவர் இறந்தார்கள். தலித் கத்தோலிக்கர்கள் கேட்டது தனிப் பங்கு. தனிச் சபை கேட்கவில்லை. அதே பேராயரின் கீழ், சமமான மரியாதையோடு ஒரு பங்குத்தந்தை வேண்டும் என்றார்கள். இலங்கைப் பதுரவாதோ மக்களும் தொடக்கத்தில் இதைப் போன்றதைத்தான் கேட்டார்கள். கேட்டது கிடைக்காமல் வெளியே போனவர்களைப் பதிதர்கள் என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது நியாயமில்லை.

உங்கள் ஊருக்குச் சுயேச்சை ஆயர் என்று ஒருவர் வந்தால் மரியாதையாகக் கேளுங்கள்: கைவைத்தது யார், எந்தச் சபை அவரை ஏற்கிறது, அவருக்கு மேல் யார் இருக்கிறார்? தண்ணீர் ஊற்றி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரால் கொடுத்த ஞானஸ்நானத்தை உரோமை பொதுவாகச் செல்லும் என்றே கொள்ளும். ஆனால் உரோமைக் கத்தோலிக்கர் ஒருவர் இவர்கள் முன்னிலையில் செய்யும் திருமணம் திருச்சபைச் சட்டப்படி பொதுவாகச் செல்லாது. ஆகவே திருமண ஓலை வாசிக்கும் முன் உங்கள் பங்குத்தந்தையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.