ஸ்கேன் படம் எங்கே தங்குகிறது?

வண்டியூர் ரிங் ரோட்டில் இரவு பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவருக்கு சிடி ஸ்கேன் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் ரேடியாலஜிஸ்ட் ஸ்கேன் சென்டரில் இருக்க மாட்டார். வேறொரு ஊரில், தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் படத்தைப் பார்த்து ரிப்போர்ட் அனுப்புவார். உயிர் காக்கும் இந்த வசதிக்கு நடுவில் இருப்பது 'பேக்ஸ்' எனப்படும் படச் சர்வர்.

அதில் சேமிக்கப்படும் படங்கள் 'டைகாம்' வடிவத்தில் இருக்கும். அப்படி ஒரு கோப்பைத் திறந்தால், முதல் 128 பைட் எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று விடப்பட்ட இடம். அடுத்து அடையாளமாக நான்கு எழுத்துகள். பிறகு நோயாளியின் பெயர், பிறந்த தேதி, பரிசோதனை விவரம்; கடைசியில்தான் படம். அதாவது, படம் வெளியே போனால் பெயரும் கூடவே போகும். அந்த 128 பைட்டைப் பயன்படுத்தி, கோப்புக்குள் தீங்கு செய்யும் நிரலை ஒளித்து வைத்தாலும் படம் வழக்கம்போலவே திறக்கும் என்பதை 2019-ல் ஓர் ஆய்வாளர் காட்டினார்.

டைகாம் முறையின் வேர் 1985-ல் இருக்கிறது. 1993-ல் டைகாம் என்ற பெயர் வந்தது. மருத்துவமனைக்குள் ஸ்கேன் கருவியும் சர்வரும் பேசிக்கொள்வதற்காகப் பிறந்தது என்பதால், கூட்டுக் குடும்பத்து வீட்டின் உள்ளறைபோல் பூட்டில்லாமலே பழகிவிட்டது. ஒரு கருவி மற்றொன்றை அடையாளம் காண 16 எழுத்துக்கு மிகாத ஒரு பெயர் போதும். அந்தப் பெயரை யாரும் சொல்லிக்கொள்ளலாம். தகவலை மறையாக்கி அனுப்ப விதிகளில் வழி உண்டு, ஆனால் கட்டாயமில்லை.

வெளியூர் டாக்டர் பார்ப்பதற்காக இந்தச் சர்வரை அப்படியே இணையத்தில் திறந்துவிட்டால் என்ன ஆகும்? 2019-ல் ஜெர்மனியின் கிரீன்போன் நிறுவனம் சுமார் 2,300 படச் சர்வர்களைத் தேடிப் பார்த்தது. 590 சர்வர்கள் பாதுகாப்பின்றிக் கிடந்தன. 52 நாடுகளின் நோயாளிகள், 2.4 கோடிப் பதிவுகள். அடுத்து வந்த அறிக்கையில் இந்திய நோயாளிகளின் படங்கள் மட்டுமே 12 கோடியைத் தாண்டின. இவற்றை எடுக்க எந்தப் பூட்டையும் உடைக்க வேண்டியிருக்கவில்லை. எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான்.

பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழக மருத்துவமனையில் உருவான 'ஆர்த்தாங்க்', இத்தகைய படச் சர்வரை நடத்த உதவும் இலவச மென்பொருள். செலவு தாங்காத சிறிய இடங்களுக்குப் பெரிய உதவி. அதன் 1.5.8-க்கு முந்தைய பதிப்புகளில், வெளியிலிருந்து அணுக அனுமதி கொடுத்தாலும் பாஸ்வேர்டு கேட்கும் வசதி தானாக இயங்காது. 2025 பிப்ரவரியில் அமெரிக்க இணையப் பாதுகாப்பு முகமை இதைப் பத்துக்கு 9.8 அளவு ஆபத்து என்று எச்சரித்தது. தெரியாதவர் உள்ளே வந்து படத்தைப் பார்க்கலாம், மாற்றலாம், சர்வரையே முடக்கலாம்.

தீர்வுக்குப் பெரிய செலவில்லை. புதிய பதிப்பு, வலுவான பாஸ்வேர்டு, டாக்டர் உள்ளே வர விபிஎன் என்ற பாதுகாப்பான இணைப்பு. சென்டர் நடத்துபவர்கள் மென்பொருளைப் போட்டுக் கொடுத்தவரை அழைத்து, "நம்ம சர்வரை வெளியிலிருந்து பாஸ்வேர்டு இல்லாமல் திறக்க முடியுதா?" என்று கேட்டு, அவர் கண் முன்னாலேயே சோதித்துக் காட்டச் சொல்ல வேண்டும்.