சிம்ஸ் வீட்டுக்கு ஒரு சோழவந்தான் வெற்றிலைக் கொடி

போன கோடை விடுமுறையில் சோழவந்தானுக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகள் ஒரு பழைய கணினியின் முன்னால் யோசனையோடு உட்கார்ந்திருந்தாள். திரையில் அழகான ஓட்டு வீடு ஒன்று. முற்றம், தூண், திண்ணை எல்லாம் வைத்துக் கட்டியிருந்தாள்.

"என்ன பாப்பா, ஏன் உம்முன்னு இருக்க?"

"வீடு கட்டி முடிச்சுட்டேன் மாமா. வாசல்ல வைக்க ரோஜா இருக்கு, என்னென்னமோ மரமெல்லாம் இருக்கு. நம்ம வெத்தலைக் கொடி மட்டும் இல்ல."

"இல்லேன்னா நாமளே செஞ்சு வச்சுருவோம்" என்றேன். மூன்று நாள் பிடித்தது. அந்த மூன்று நாளில் நாங்கள் கற்றுக்கொண்டதைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

அவள் விளையாடிக்கொண்டிருந்தது 'தி சிம்ஸ் 2'. ஒரு குடும்பத்தை உருவாக்கி, வீடு கட்டி, அவர்களைச் சாப்பிட வைத்து, தூங்க வைத்து, வேலைக்கு அனுப்பி வாழவைக்கும் விளையாட்டு. இதன் முதல் பாகம் 2000 பிப்ரவரி 4-ஆம் தேதி வந்தது. அதை வடிவமைத்தவர் வில் ரைட் என்ற அமெரிக்கர். 1991 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து பகுதியில் பெரிய தீ பரவியது. அதில் அவருடைய வீடும் எரிந்துபோனது. பிறகு கட்டில், நாற்காலி, தட்டு, கரண்டி என்று ஒவ்வொன்றாக மறுபடி வாங்க வேண்டியிருந்தது. ஒரு மனிதருக்கு எந்தெந்தப் பொருள் எதற்காகத் தேவைப்படுகிறது என்று அப்போது அவர் யோசித்தார். அந்த யோசனையில் வளர்ந்ததுதான் இந்த விளையாட்டு. இரண்டாம் பாகம் 2004 செப்டம்பரில் வெளியானது. 2025 ஜனவரியில் இன்றைய கணினிகளில் ஓடும்படி அதை மறுபடி வெளியிட்டார்கள்.

இருபது வருடம் கழித்தும் ஒரு விளையாட்டைக் குழந்தைகள் தேடிப்போய் விளையாடுவதற்குக் காரணம் உண்டு. செய்தவர்கள் கதவைத் திறந்தே வைத்துவிட்டார்கள். விளையாட்டு கடைக்கு வருவதற்கு முன்பே, பாத்திரங்களுக்கு முகமும் உடையும் செய்யும் 'பாடி ஷாப்' என்ற கருவியை வெளியே கொடுத்தார்கள். விளையாட்டின் கோப்புறைக்குள் 'டவுன்லோட்ஸ்' என்று ஒரு பெட்டி இருக்கிறது. நாம் செய்த பொருளை ஒரு கோப்பாக அதில் போட்டுவிட்டால், அடுத்த முறை திறக்கும்போது விளையாட்டு அதையும் தன் பொருள்களோடு சேர்த்துக்கொள்ளும். இப்படி விளையாடுபவர்களே செய்து சேர்ப்பதைக் 'கஸ்டம் கன்டென்ட்', சுருக்கமாக 'சிசி', என்கிறார்கள்.

அந்த உலகத்தில் எந்தப் பொருளை எடுத்தாலும் மூன்று பகுதிகள் உண்டு. உருவம் ஒன்று. அதன்மேல் ஒட்டிய படம், அதாவது தோல், ஒன்று. அது என்ன செய்யும் என்ற நடத்தை ஒன்று. மூன்றையும் தனித்தனியாகக் கழற்றி மாட்டலாம். நாங்கள் தோலிலிருந்து ஆரம்பித்தோம்.

இலையைப் படம் எடுக்கக் காலையிலேயே கொடிக்காலுக்கு, அதாவது வெற்றிலைத் தோட்டத்துக்கு, போனோம். சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். வரிசை வரிசையாக அகத்தி மரம். அதைப் பற்றிக்கொண்டு ஏறும் வெற்றிலைக் கொடி. நடுவில் தண்ணீர் ஓடும் வாய்க்கால். உள்ளே நுழைந்தாலே உடம்பு குளிர்ந்துவிடும். தோட்டத்துத் தாத்தாவிடம் கேட்டு நான்கு இலை வாங்கிக்கொண்டோம். பாப்பா ஒரு கொடியின் பக்கத்தில் குனிந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "மாமா, இலை ரெண்டு ரெண்டா வரல. ஒண்ணு இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம். எல்லாத்துக்கும் நுனி கீழ பாத்துத் தொங்குது" என்றாள். எவ்வளவு சரியான கவனிப்பு! கணுவுக்கு ஓர் இலை, மாறி மாறி. அந்தக் கணுவில்தான் சின்னச் சின்ன வேர்கள் விட்டுக் கொடி அகத்தியைப் பிடித்துக்கொள்கிறது.

இலையை வெயிலில் வைத்துப் படம் எடுக்கக் கூடாது. வெயிலில் எடுத்தால் ஒரு பக்கம் பளபளப்பும் மறுபக்கம் நிழலும் படத்திலேயே பதிந்துவிடும். விளையாட்டுக்குள் தனியாக ஒரு சூரியன் இருக்கிறது. அதுவும் வெளிச்சம் போட்டால் இரண்டு வெளிச்சமும் மோதி இலை செயற்கையாகத் தெரியும். அதனால் திண்ணை நிழலில் வெள்ளைத் தாளின்மேல் வைத்து நேர் மேலிருந்து எடுத்தோம்.

எடுத்த படத்தை 512-க்கு 512 புள்ளி அளவுக்கு வெட்டினோம். 'ஏன் 500 இல்லை?' என்று நீங்கள் கேட்கலாம். 512-ஐ இரண்டால் வகுத்துக்கொண்டே போங்கள். 256, 128, 64, 32... கடைசியில் 1 வரைக்கும் மீதியில்லாமல் வரும். கொடி தூரத்தில் இருக்கும்போது திரையில் அது நகத்தளவுதான் தெரியும். அதற்கு முழுப் படம் எதற்கு? அதனால் ஒரே படத்தின் பாதி அளவு, கால் அளவு, அரைக்கால் அளவு என்று நகல்களை முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்வார்கள். 'மிப்மேப்' என்று பெயர். தூரத்துக்குத் தகுந்த நகலை எடுத்துக் காட்டிவிடலாம்.

இங்கேதான் எங்களுக்கு ஒரு சிக்கல் வந்தது. படம் சதுரம், வெற்றிலையோ இதய வடிவம். இலையைச் சுற்றியிருக்கும் வெள்ளைத் தாள் தெரியக் கூடாது அல்லவா? கணினிப் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் இருக்கும். நான்காவதாக 'ஆல்ஃபா' என்று ஓர் எண்ணையும் சேர்க்கலாம். ஆல்ஃபா 255 என்றால் புள்ளி முழுதாகத் தெரியும், 0 என்றால் கண்ணாடிபோல மறைந்துவிடும். 'ஜிம்ப்' என்ற இலவச மென்பொருளில் இலையின் ஓரத்தைப் பார்த்துப் பார்த்து வெட்டி, வெளிப்பகுதிக்கு ஆல்ஃபா 0 கொடுத்தோம். கிட்டத்தில் பார்த்தால் அற்புதமாக இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் ஒவ்வோர் இலையைச் சுற்றியும் சாம்பல் பூத்ததுபோல ஒரு வெள்ளைக் கோடு!

அது எங்கிருந்து வந்தது? படத்தைப் பாதியாகச் சுருக்கும்போது பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளின் சராசரியை எடுக்கிறார்கள். எங்கள் இலை ஓரத்தின் நிறம் சிவப்பு 40, பச்சை 110, நீலம் 50. பக்கத்தில் மறைந்திருக்கும் தாளின் நிறம் மூன்றிலும் 255. சராசரி போட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 147, 182, 152 வரும். வெளிறிப்போன பச்சை. தாளைக் கண்ணிலிருந்துதான் மறைத்தோமே தவிர அதன் வெள்ளை நிறம் அங்கேயே இருந்திருக்கிறது. மறைந்த பகுதி முழுவதிலும் இலைப் பச்சையையே பூசினோம். யார் கண்ணுக்கும் தெரியாத இடத்துக்கு வண்ணம் அடித்ததும் வெள்ளைக் கோடு போயே போய்விட்டது. பாப்பா கைதட்டினாள். எனக்கும் அன்றைக்கு அதுதான் பெரிய சந்தோஷம்.

அடுத்தது உருவம். திரையில் தெரியும் எல்லா உருவமும் முக்கோணங்களால் ஆனது. ஒரு வெற்றிலையை அதன் வளைவோடு செய்ய 40 முக்கோணம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கொடிக்கு ஆயிரம் இலை என்றால் 40,000 முக்கோணம். பழைய கணினி மூச்சு வாங்கும். அதனால் ஒரு தந்திரம் செய்கிறார்கள். ஒரு செவ்வக அட்டையில் 25 இலைகளின் படத்தை ஒட்டிவிடுவார்கள். செவ்வகத்துக்கு இரண்டே முக்கோணம் போதும். அப்படி 40 அட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் செருகினால் ஆயிரம் இலை, 80 முக்கோணம். ஆல்ஃபா இருப்பதால் அட்டை தெரியாது, இலைகள் மட்டும் தெரியும். இதைப் 'பிளெண்டர்' என்ற இலவச மென்பொருளில் செய்தோம். நுனி கீழே பார்க்கும்படி அட்டைகளைச் சாய்த்து வைத்தது பாப்பாவின் வேலை.

அகத்திக்கு எட்டுப் பக்க உருளை ஒன்று போதுமாக இருந்தது. அதன்மேல் பட்டையின் படத்தை ஒட்ட வேண்டும். தட்டையான படம் உருண்டையான மரத்தில் எப்படி ஒட்டும்? ஒரு பற்பசை அட்டைப்பெட்டியைப் பிரித்து மேசைமேல் விரித்துப் பாருங்கள். ஆறு பக்கமும் ஒரே தாளில் படுத்துக்கொள்ளும். அதேபோல உருவத்தின் தோலை விரித்து, தாளில் எந்த இடம் மரத்தின் எந்த இடத்துக்குப் போகும் என்று கணக்கு எழுதி வைக்கிறார்கள். 2000-இல் வந்த முதல் பாகத்தில் இந்த வசதி பொருள்களுக்குக் கிடையாது. ஒரு நாற்காலி என்றால் நான்கு திசையிலிருந்து, மூன்று தூரத்திலிருந்து, மொத்தம் 12 படம் வரைந்து வைக்க வேண்டும். அந்த வேலையைச் சுலபமாக்க 'டிரான்ஸ்மாக்ரிஃபையர்' என்ற கருவியை எழுதிக் கொடுத்தவர் டான் ஹாப்கின்ஸ் என்ற நிரலாளர்.

மூன்றாவதான நடத்தைதான் இந்த விளையாட்டின் உயிர்நாடி என்பேன். சோழவந்தான் பேருந்து நிலையத்தில் நின்றிருக்கிறீர்களா? 'மதுரை, மதுரை!' என்று ஒரு நடத்துநர் கூப்பிடுவார். இன்னொருவர் 'வாடிப்பட்டி, வாடிப்பட்டி!' என்பார். எந்தப் பேருந்து எங்கே போகும் என்று நாம் மனப்பாடம் செய்து வைத்திருக்க வேண்டியதில்லை. நமக்குப் போக வேண்டிய ஊரின் பெயர் காதில் விழுந்ததும் ஏறிக்கொள்வோம். சிம்ஸ் வீட்டுக்குள் ஒவ்வொரு பொருளும் இப்படித்தான் கூவிக்கொண்டே இருக்கிறது. குளிர்பதனப் பெட்டி 'என்னிடம் வந்தால் இவ்வளவு பசி தீரும்' என்கிறது. கட்டில் 'இவ்வளவு களைப்புப் போகும்' என்கிறது. அங்கே வாழும் மனிதருக்குப் பசி, தூக்கம், சுத்தம், பொழுதுபோக்கு என்று எட்டுத் தேவைகள். அந்த நேரத்தில் எது மிகவும் குறைந்திருக்கிறதோ, அதற்கு ஏற்ற குரலை நோக்கி நடந்துபோவார். போன பிறகு எப்படிப் படுப்பது, எப்படி எழுந்திருப்பது என்ற படிப்படியான கட்டளைகளும் கட்டிலுக்குள்ளேயே இருக்கின்றன, மனிதருக்குள் இல்லை. அதனால்தான் 2004-இல் செய்த மனிதர்கள், நேற்று செய்த புதுப்பொருளைக்கூடச் சரியாகப் பயன்படுத்துகிறார்கள்.

புது நடத்தையை எழுதுவது கடினம். ஏற்கெனவே இருக்கும் ஒரு பொருளை நகலெடுத்து, அதன் உருவத்தையும் தோலையும் மாற்றிவிடுவதுதான் வழக்கம். 'சிம்பிஇ' என்ற கருவி அதற்கு உதவுகிறது. நாற்காலியை நகலெடுத்து வெற்றிலைப் பெட்டியின் உருவம் கொடுத்தால், வீட்டுக்காரர் பெட்டியின்மேல் உட்கார்ந்துவிடுவார்! எதை நகலெடுப்பது என்று நாங்கள் கொஞ்சம் விவாதித்தோம். சும்மா நிற்கும் அலங்காரப் பொருள் சுலபம். பாப்பா ஒப்புக்கொள்ளவில்லை. "தண்ணி ஊத்தலேன்னா வெத்தலை வாடணும் மாமா. தாத்தா எவ்வளவு கஷ்டப்படுறாங்க" என்றாள். அவள் சொன்னதுதான் நியாயம். தண்ணீர் கேட்கும் பூச்செடியை நகலெடுத்தோம். வாடிய தோற்றத்துக்கும் ஒரு படம் வரைய வேண்டியிருந்தது. பரவாயில்லை.

ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. 32 இடங்களில் 0 அல்லது 1 எழுதிச் செய்யும் எண். அப்படி 429 கோடிக்கும் மேல் எண்கள் செய்யலாம். இரண்டு பொருளுக்கு ஒரே எண் அமைந்தால் ஒன்று மற்றதை மறைத்துவிடும். அதனால் நகலெடுத்ததும் புது எண் கொடுக்க மறக்கக் கூடாது.

மீதி நேரத்தில் வாசலுக்கு ஒரு கோலத் தரை போட்டோம். ஒரு கட்டத்தின் வலது ஓரத்தில் முடியும் கோடு அடுத்த கட்டத்தின் இடது ஓரத்தில் சரியாகத் தொடர வேண்டும். அக்காதான் அதற்கு ஆசிரியர். அவளுக்குப் புள்ளி வைத்தாலே கணக்கு வந்துவிடுகிறது. கோலத்தில் கணினி அறிவியல் இருக்கிறது என்பது நான் இட்டுக்கட்டிச் சொல்வதல்ல. தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, கோலங்களைச் சில விதிகளைக் கொண்டு வரிசையாக உருவாக்கிக் காட்டும் ஆராய்ச்சிக் கட்டுரையை 1974-இலேயே வெளியிட்டார்கள். உங்கள் பாட்டி போடும் கோலம் உலக ஆராய்ச்சி இதழுக்குப் போய் ஐம்பது வருடம் தாண்டிவிட்டது.

இப்போது அந்த ஓட்டு வீட்டு வாசலில் கொடி நிற்கிறது. வீட்டுக்கார அம்மா காலையில் எழுந்து வந்து தண்ணீர் ஊற்றுகிறார்.

நீங்களும் செய்யுங்கள். அம்மி, உரல், ஜல்லிக்கட்டுக் காளையின் சலங்கை, வைகைக் கரைத் தென்னை என்று அந்த உலகத்தில் இல்லாத நம் பொருள்கள் எத்தனையோ இருக்கின்றன. இணையத்திலிருந்து கருவிகளை இறக்கும் முன் வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். விளையாட்டின் கோப்புகளை முதலில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். வெற்றிலை பார்க்கக் கொடிக்காலுக்குப் போனால், செருப்பை வெளியே விட்டுவிட்டு, தோட்டக்காரரைக் கேட்டு உள்ளே போங்கள். இலையை நீங்கள் பறிக்க வேண்டாம், அவரே கிள்ளித் தருவார்.