மருந்து இலவசம்... அரை நாள் கூலி போச்சு!

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லை. கண்ணாடிக் கதவு, குளுகுளு ஹால், நம்பர் ஓடும் பலகை என்று தனியார் ஆஸ்பத்திரிகள் ஜோராக நடக்கின்றன. ஆனால், அதே தெருக்களில் பாத்திரம் தேய்க்கிறவர்கள், இஸ்திரி போடுகிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள் அந்தப் படியை மிதிப்பதில்லை.

அவர்கள் மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறுகிறார்கள். பார்க் டவுனில் இறங்கினால் பெரியாஸ்பத்திரி! 1664-ல் ஆரம்பித்த ஆஸ்பத்திரி. பெயர் ராஜீவ்காந்தி அரசு பொது மருத்துவமனை என்று மாறியும் ஜனங்களுக்கு அது "ஜி.எச்."தான். சிலர் பஸ் பிடித்து ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் போவதும் உண்டு.

டாக்டருக்கு பீஸ் கிடையாது. மாத்திரைக்குக் காசு கிடையாது. அப்படியானால் செலவு என்ன?

அரை நாள் கூலி!

ஓ.பி. சீட்டுக்கு ஒரு கியூ. டாக்டர் அறை வாசலில் ஒரு கியூ. ரத்தம் கொடுக்க ஒன்று, ரிசல்ட் வாங்க ஒன்று. கடைசியில் மாத்திரை ஜன்னலில் இன்னொன்று. டாக்டர் முகத்தைப் பார்ப்பது சில நிமிஷம். மற்ற நேரமெல்லாம் நிற்பதுதான் வேலை. வெயில் ஏறி வீடு திரும்பினால், இரண்டு வீட்டுப் பாத்திரம் அப்படியே கிடக்கும். "சொல்லாம கொள்ளாம நின்னுட்டியே?" என்ற கேள்வி வேறு.

ஜுரம், தலைவலி என்றால் ஒரு நாளோடு போச்சு. சுகர், பிரஷர்காரர்களுக்கு இது மாதாமாதம் நடக்கிற கதை. அதனால் என்ன ஆகிறது? "உடம்பு நல்லாத்தானே இருக்கு, இந்த மாசம் போகட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். மாத்திரை நின்றுபோகிறது. சுகரும் பிரஷரும் சத்தம் போடாமல் வேலை பார்க்கும் வியாதிகள். ஒரு நாள் வாய் கோணும், கை இழுக்கும். இல்லாவிட்டால் கிட்னி கெட்டுப்போகும். கியூவுக்குப் பயந்தவர் அப்புறம் ஸ்ட்ரெச்சரில் போக வேண்டியதுதான்.

"ஸ்டாக் இல்லே... வெளியே வாங்கிக்கோ!"

முன்பு இதைவிட மோசம். மிக்சர் வாங்க வீட்டிலிருந்து பாட்டில் கொண்டு போக வேண்டும். மாத்திரையைக் காகிதத்தில் மடித்துத் தருவார்கள். அதுவும் இருந்தால்தான்! ஒரு ஆஸ்பத்திரியில் மருந்து குவிந்து கெடு தாண்டிக் கிடக்கும். இன்னொரு ஆஸ்பத்திரியில் அதே மருந்துக்குத் தட்டுப்பாடு.

1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்தது. மாநிலம் முழுமைக்கும் மருந்தை மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கினார்கள். அவசியமான மருந்துகள் எவை என்று பட்டியல் போட்டார்கள். மாவட்டங்களில் கிடங்கு கட்டினார்கள். ஆஸ்பத்திரிகளுக்கு பாஸ்புக் கொடுத்தார்கள். ஆம், பாங்க் பாஸ்புக் மாதிரியேதான்! வருஷத்துக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து என்று அதில் ஒதுக்கீடு இருக்கும். எது தேவையோ அதைக் கிடங்கில் எடுத்தால், பாஸ்புக்கில் கழித்துக்கொள்வார்கள்.

வந்த சரக்கிலிருந்து சாம்பிள் எடுத்து, கம்பெனி பெயரை மறைத்து, பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்கள். யார் மருந்து என்று சோதிக்கிறவருக்கே தெரியாது. பாஸாகாத மருந்து நோயாளி கைக்கு வராது. காகித மடிப்பு போய், அட்டை மாத்திரை வந்தது.

மற்ற மாநிலங்கள் சும்மா இருக்குமா? கேரளம் 2007-லும், ராஜஸ்தான் 2011-லும் இதே மாதிரி கழகம் ஆரம்பித்தன.

மதுரை டாக்டர் போட்ட கணக்கு

சரி, மருந்து வந்தது. நிற்கிற நேரம் குறைந்ததா? அதைக் கணக்குப் பார்த்தவர் ஒருவர் மதுரையில் இருந்தார். டாக்டர் ஜி. வெங்கடசாமி. சர்க்கார் வேலையில் ரிடையர் ஆன பிறகு, 1976-ல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார்.

ஆபரேஷன் தியேட்டரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேஜை. ஒரு மேஜையில் டாக்டர் கண்புரை ஆபரேஷன் செய்யும்போதே, அடுத்த மேஜையில் அடுத்தவரை நர்ஸ்கள் தயாராக வைத்திருப்பார்கள். முடித்ததும் டாக்டர் அந்தப் பக்கம் திரும்பினால் போதும். பார்வை பரிசோதிப்பது, மருந்து விடுவது, கட்டுப்போடுவது எல்லாம் பயிற்சி பெற்ற பெண்களின் வேலை. பெரும்பாலும் கிராமத்துப் பெண்கள். டாக்டரின் கை செய்ய வேண்டியதை மட்டும் டாக்டர் செய்கிறார். ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர் பில் போட உட்கார்ந்தால் கல்லில் பரோட்டா என்ன ஆகும்? அந்தக் கணக்குதான் இது.

அந்தச் சிக்கனத்தில் மிஞ்சியதை வைத்து ஏழைகளுக்கு இலவசமாகவே கண் ஆபரேஷன் நடந்தது. ஆனால், அரவிந்தில் பார்ப்பது கண் ஒன்றைத்தான். பொது ஆஸ்பத்திரியில் தலைமுதல் கால்வரை எல்லாம் வரும். அதனால் மதுரை வித்தையை அப்படியே பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கி வந்துவிட முடியாது.

சாயங்காலம் 4 மணி

கூட்டத்தையே ஆஸ்பத்திரிக்கு வரவிடாமல் செய்தால்? 2021 ஆகஸ்ட் 5-ந் தேதி 'மக்களைத் தேடி மருத்துவம்' ஆரம்பமானது. பெண் தன்னார்வலர்கள் வீட்டு வாசலுக்கே வந்து பிரஷர், சுகர் பார்த்தார்கள். மாத்திரையைக் கையில் கொடுத்தார்கள். 2024-ல் ஐ.நா. விருதும் கிடைத்தது.

அவர்கள் பகலில் வந்தால் வேலைக்குப் போன அம்மா வீட்டில் இருப்பாரா? இதற்கும் ஒரு வழி பிறந்தது. 2023 ஜூன் 6-ந் தேதி தமிழகம் முழுக்க 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் திறக்கப்பட்டன. காலை 8 முதல் 12 வரை, பிறகு சாயங்காலம் 4 முதல் 8 வரை என்று நேரம் வைத்தார்கள். கூலி கெடாமல், கடை மூடாமல், ஆபீசுக்கு லீவு போடாமல் டாக்டரைப் பார்க்கலாம். இந்தச் சின்ன விஷயம் யாருக்காவது தோன்ற இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது!

ஒரு சிக்கல் உண்டு. வெறும் வயிற்றில் எடுக்கும் சுகர் டெஸ்ட்டுக்குக் காலையில்தான் போயாக வேண்டும். சாயங்காலம் போகிறவர்கள் 'மூன்று மாத சர்க்கரை' டெஸ்ட் அங்கே எடுக்கிறார்களா என்று கேட்டுப் பார்க்கலாம். அதற்குப் பட்டினி கிடக்க வேண்டாம். காபி குடித்துவிட்டும் போகலாம். பழைய ஓ.பி. சீட்டையும், சாப்பிடுகிற மாத்திரை அட்டையையும் மறக்காமல் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். "வெள்ளை மாத்திரை, சின்னதா இருக்கும்" என்று சொன்னால் எந்த டாக்டருக்கும் புரியாது!