கரையோரக் கடலும் கைத்தூண்டிலும்

மணலியிலிருந்து கிழக்கே சில கிலோமீட்டர் சென்றால் கடல் வந்துவிடும் என்றாலும், திருவொற்றியூர் முதல் எண்ணூர் வரையிலான அந்தக் கரையில் படகை இறக்குவதற்கேற்ற மணற்பரப்பு இன்று தொடர்ச்சியாக இல்லை. ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் தெற்கிலிருந்து சாய்வாக வந்து மோதுவதால், சென்னைக் கடற்கரையின் மணல் வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும் இயல்புடையது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் அந்த நகர்வை மறித்ததால், தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் தொடங்கிக் கரை அரிக்கப்பட்டது. அரிப்பைத் தடுக்க எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிக் கருங்கற்கள் கொட்டப்பட்டன. கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல்தடுப்புகளான தூண்டில் வளைவுகளும் கட்டப்பட்டன. ஆகவே இப்பகுதியில் சிறு படகில் மீன்பிடிக்கப் பழக விரும்புபவர், மனிதர் கைபட்டு மாறிப்போன இந்த நீர் எங்கே எப்படி நடந்துகொள்கிறது என்பதைத் தூண்டில் வாங்குவதற்கு முன்பே கற்றாக வேண்டும்.

மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்த கட்டுமரத்தின் இடத்தை, 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் வெகு விரைவாகப் பெருகிய பைபர் படகுகள் எடுத்துக்கொண்டன. கண்ணாடியிழையால் ஆன இவை எடை குறைந்தவை. பின்புறம் மாட்டப்படும் வெளிப்பொருத்து எஞ்சினால் ஓடுபவை. புதியவர் இத்தகைய படகொன்றைச் சொந்தமாக வாங்கிக்கொண்டு தொடங்குவது பணத்தையும் சில வேளைகளில் உயிரையும் பணயம் வைக்கும் செயலாகும். காசிமேட்டிலோ எண்ணூர்க் குப்பங்களிலோ கடலுக்குச் செல்லும் ஒருவரது படகில், அவர் இசைவோடு கூடுதல் கையாளாகச் சில மாதங்கள் சென்று வருவதே உகந்த வழி. எஞ்சின் நின்றுபோனால் கைகொடுக்கத் துடுப்பும், போதிய கயிற்றோடு நங்கூரமும், குடிநீரும், உயிர்காப்பு மேலங்கியும் படகில் இருக்க வேண்டும். வலை இழுக்கும்போது மேலங்கி இடைஞ்சல் என்று அனுபவசாலிகள் அதைக் கழற்றி வைப்பதுண்டு. கற்றுக்கொள்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

கோடை மாதங்களில் விடியலுக்கு முன் நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று வீசுவதும், நிலம் சூடேறியபின் முற்பகலிலோ நண்பகலிலோ கடற்காற்று எதிர்த்து எழுவதும் சென்னையின் வழக்கம். சிறு படகுகள் இருட்டிலேயே புறப்பட்டு வெயில் ஏறுமுன் திரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். கரையோர நீரோட்டமோ பருவத்திற்கேற்பத் திசை மாறுகிறது: பிப்ரவரிக்குப் பின் வடக்கு நோக்கியும், வாடைக்காற்று வீசும் மழைக்காலத்தில் தெற்கு நோக்கியும் ஓடுகிறது. காற்றும் நீரோட்டமும் ஒரே திசையில் சென்றால் கடல் ஓரளவு பணிந்திருக்கும். ஒன்றையொன்று எதிர்த்தால் அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும்.

இந்த எதிர்ப்பு மிகவும் கடுமையாகத் தெரியும் இடம், கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் எண்ணூர் முகத்துவாரமாகும். நாளொன்றுக்கு இரு முறை நீர் ஏறி இறங்கும் இக்கடலில், அமாவாசை, பௌர்ணமி நாட்களில்கூட ஏற்றத்திற்கும் இறக்கத்திற்கும் இடையேயான வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் என்றாலும், மணல் தூர்ந்து ஆழம் குறைந்த வாயில் அந்த ஒரு மீட்டரே படகு தரைதட்டுமா தட்டாதா என்பதைத் தீர்மானித்துவிடும். நீர் வடியும் நேரத்தில் ஆற்றின் வேகம் வெளியே தள்ள, கிழக்குக் காற்று உள்ளே தள்ள, நடுவில் அலை உடையும். ஆகவே நீர் ஏறி நிற்கும் வேளையில் முகத்துவாரத்தைக் கடப்பதே பாதுகாப்பு. உடையும் அலைக்குப் படகின் முன்பகுதியைக் காட்ட வேண்டுமேயன்றி ஒருபோதும் பக்கவாட்டைக் காட்டலாகாது. நங்கூரத்தையும் முன்பகுதியிலிருந்தே இறக்க வேண்டும். பின்புறம் கட்டினால் அலை உள்ளே ஏறும்.

தொடங்குபவருக்கு வலையைவிடக் கைத்தூண்டில் ஏற்றது. நரம்பு எனப்படும் நைலான் இழையின் நுனியில் ஈயக்குண்டும், அதற்குச் சற்று மேலே கிளை நரம்புகளில் இரண்டு முட்களும் கட்டி, இறால் துண்டையோ கணவாய்க் கீற்றையோ இரையாகக் கோத்து, குண்டு தரை தொடும்வரை விட்டு, பிறகு ஒரு சாண் மேலே தூக்கிப் பிடித்து, நரம்பை ஆள்காட்டி விரலின் மேல் ஓடவிட வேண்டும். மணல் தரையில் மேயும் கிழங்கான் இரையைக் கொத்திக் கொத்திப் பார்ப்பது அந்த விரலில்தான் தெரியும். முதல் கொத்திலேயே வெடுக்கென்று இழுத்தால் இரை மட்டும் போகும். தூண்டில் வளைவுகளின் கல்லிடுக்குகளை அண்டி வாழும் மீன்களைத் தேடும்போது குண்டு கல்லில் சிக்குவது தவிர்க்க முடியாதது என்பதால், அதை மட்டும் மெலிந்த நூலில் கட்டிவைத்தால் குண்டு அறுந்து போகுமே தவிர முள்ளும் மீனும் மிஞ்சும். கெளுத்தியின் முதுகுமுள்ளும் திருக்கையின் வால்முள்ளும் நச்சுள்ளவை. உப்பிப் பந்துபோலாகும் பேத்தை மீனின் நஞ்சு சமைத்தாலும் அழிவதில்லை.

எங்கும் மீன்பிடிக்கலாம் என்று எண்ணுவதற்கும் இடமில்லை. சென்னை, காமராசர், காட்டுப்பள்ளி ஆகிய துறைமுகங்களின் கப்பல் வழிகளில் நங்கூரம் போடுவது தடைக்கும் ஆபத்துக்கும் உரியது. மீன்பிடிப் படகுகள் மீன்வளத் துறையில் பதிவு செய்யப்பட வேண்டும். குப்பங்களுக்கெனத் தலைமுறைகளாக நிலவும் வரைமுறைகளை மீறுபவர் எந்த அனுமதிச் சீட்டைக் காட்டினாலும் வரவேற்பைப் பெறார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியின் எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக முகத்துவாரம்வரை பரவி வலைகளையும் படகுகளையும் கறுப்பாக்கியதை நினைவில் கொண்டால், நீரின் மேல் எண்ணெய்ப் படலமோ பழக்கமற்ற நெடியோ தென்படும் நாளில் பிடித்ததை உண்ணாமல் விடுவது அறிவுடைமை.

பழகுவதற்குரிய காலம் எதுவெனில், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான புயல் மாதங்களை விலக்கிவிட வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் காசிமேட்டில் கட்டப்பட்டுக் கிடக்க, நாட்டுப் படகுகள் மட்டும் கரையோரத்தில் இயங்குகின்றன. கற்பவருக்கு அந்நாட்களின் அதிகாலை வேளைகள் பொருத்தமானவை. எனினும் மே மாதத்திலும் வங்கக்கடலில் புயல் உருவாவதுண்டு என்பதால், வானிலை ஆய்வு மையம் மீனவர்களுக்கு விடுக்கும் எச்சரிக்கையை முந்தைய இரவே பார்த்துக்கொண்டு, கடலோரக் காவல்படையின் 1554 என்ற அவசர எண்ணைக் கைப்பேசியில் பதித்துக்கொண்டு, செல்லும் திசையையும் திரும்பும் நேரத்தையும் கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டே படகேற வேண்டும்.